நடந்த எலியும் நடக்காத வாப்பாவும்: முண்ணாண் காயத்துக்கான மூலிகை ஆய்வுகள்

என்னிடம் முன்பு தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். ஓர் இரவு வட்ஸ்அப்பில் வீடியோ ஒன்றை அனுப்பிவிட்டு, நான் அதைத் திறப்பதற்குள்ளேயே கோல் எடுத்துவிட்டாள். வீடியோவில் ஒரு வெள்ளை எலி. முதலில் பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஊர்கிறது. அடுத்த காட்சியில் அதே எலி தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது. மூலிகை மருந்தால் முள்ளந்தண்டு நரம்பு குணமாகியது என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஒரு தொலைபேசி இலக்கமும் ஒரு மாத மருந்தின் விலையும்.

"டீச்சர், இது உண்மதானா? எங்கட வாப்பாவும் எழும்புவாரா?"

அவளுடைய வாப்பா தேங்காய் பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உம்மாவின் காப்பு இரண்டையும் விற்று இந்த மருந்தை எடுப்போமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நான் வைத்தியம் படித்தவள் இல்லை, தமிழ் படித்தவள். ஆனால் ஒரு பிரதியில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, என்ன சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. ஆகவே இந்த ஆய்வுகளைத் தேடி வாசித்தேன். உயிரியல் கற்பிக்கும் சக ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்டேன். வாசித்ததில் ஒன்று தெளிவாகியது. எலி நடந்தது உண்மை. அது எப்படிப்பட்ட எலி, எப்போது மருந்து கொடுக்கப்பட்ட எலி என்பதை வீடியோ சொல்லவில்லை. அந்தச் சொல்லாத பகுதிக்குள்தான் காப்பு இரண்டும் போகப் பார்க்கின்றன.

முண்ணாணுக்கு என்ன நடக்கிறது?

முள்ளந்தண்டு என்பது எலும்பு. அந்த எலும்புக் கோவைக்கு உள்ளே பாதுகாப்பாக ஓடும் நரம்புத் தண்டைத்தான் நமது பாடநூல்கள் முண்ணாண் என்கின்றன. பேச்சில் நாம் இரண்டையும் பிரிப்பதில்லை. 'நாரி முறிஞ்சிட்டு' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எலும்பு முறிந்தால் பொருந்தும். முண்ணாணின் கதை வேறு. வளர்ந்த ஒருவரில் அது ஏறத்தாழ 45 சென்றிமீற்றர் நீளம், சின்ன விரலின் பருமன், வெண்ணெய் போன்ற மென்மை. மூளையிலிருந்து கால் பெருவிரலுக்குப் போகும் கட்டளையும், பெருவிரலிலிருந்து மூளைக்கு வரும் வலியும், சிறுநீர் முட்டுகிறது என்ற செய்தியும் அதற்குள்ளால்தான் போய்வர வேண்டும்.

மரத்தால் விழுந்தவரின் முண்ணாண் கத்தியால் வெட்டியதுபோல் இரண்டாகத் துண்டிக்கப்படுவது குறைவு. உடைந்த எலும்பு அதை நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் சில நரம்புக் கலங்கள் உடனேயே இறந்துவிடும். இது முதற் காயம். அதற்குப் பிறகு வருவதுதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. வெள்ளம் அடித்த ஊரில் சில வீடுகள் தண்ணீர் மோதியதுமே விழும். வேறு சில வீடுகள் ஊறிய சுவரோடு நின்று, தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொன்றாக விழும். முண்ணாணிலும் இப்படியே. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன, வீக்கம் வருகிறது, வீங்கிய இடத்துக்கு இரத்தம் போதாமல் போகிறது. இறந்த கலங்களிலிருந்து குளுட்டமேற் என்ற இரசாயனம் கொட்டுண்டு பக்கத்துக் கலங்களையும் நஞ்சூட்டுகிறது. கட்டற்ற மூலிகங்கள் எனப்படும் தாக்கும் தன்மையுள்ள அணுக்கூட்டங்கள் கலமென்சவ்வுகளின் கொழுப்பை அரிக்கின்றன. உடலின் காவற் கலங்கள் வந்து சேர்ந்து அழற்சியைக் கூட்டுகின்றன. இது சில நிமிடங்களில் தொடங்கி நாட்கணக்காக, சில பகுதிகளில் வாரக்கணக்காக நடக்கிறது. இதை இரண்டாம் காயம் என்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அல்ஃபிரெட் அலன் என்ற வைத்தியர் 1911இல், மயக்கிய நாய்களின் முண்ணாணில் அளவான எடை ஒன்றை விழவைத்துப் பரிசோதித்தார். காயத்தின் நடுவில் தேங்கிய கசிவை அகற்றிய நாய்கள் தேறியதைக் கண்டு, அடி ஒருமுறை படுவதோடு கேடு முடிவதில்லை என்று அவர் எழுதினார்.

இதற்கும் பிறகு மூன்றாவது தடை ஒன்று உண்டு. காயம் ஆறிய இடத்தில் வடு உருவாகும். உள்ளே நீர் நிறைந்த குழி உண்டாகும். அறுந்த நரம்பு நார்கள் அதைத் தாண்டி வளர்வதில்லை. மூளையிலும் முண்ணாணிலும் அறுந்தவை மீண்டும் வளரா என்று ஸ்பானிய விஞ்ஞானி ரமோன் இ கஹால் எழுதிய முடிவு நெடுங்காலம் கடைசிச் சொல்லாக இருந்தது. 1981இல் மொன்றியலில் அல்பேட் அகுவாயோவின் குழுவினர், காலில் ஓடுவது போன்ற சாதாரண நரம்பின் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தபோது, முண்ணாணின் நார்கள் அதற்குள் வளர்வதைக் காட்டினார்கள். நார்களுக்கு வளரும் சக்தி இருக்கிறது, சூழல்தான் விடுவதில்லை என்று அதன்பின் விளங்கியது.

ஆகவே ஒரு மருந்து இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். நிற்கின்ற சுவர்கள் விழாமல் முதல் நாட்களில் காக்க வேண்டும். அல்லது விழுந்த பிறகு புதிதாகக் கட்ட வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஆய்வுக்கூடத்தில் எலி

முண்ணாண் பற்றிய அறிவு விலங்குகளிடமிருந்தே வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் (அரபியில் ஜாலீனூஸ்) விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி, வெட்டிய இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விடுவதைக் கண்டார். அவருடைய உடற்கூற்று நூலின் பிற்பகுதிக்கு இன்று கிரேக்க மூலம் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் மொழிபெயர்ப்புக் கூடத்தில் உருவான அரபு வடிவத்தில்தான் அது தப்பிப் பிழைத்தது.

இன்றைய முறை நுணுக்கமானது. எலியை மயக்கி, முதுகெலும்பின் மேல் வளைவை அகற்றி, முண்ணாணைத் திறந்து வைக்கிறார்கள். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உருவாகிய கருவியில் 10 கிராம் கோல் ஒன்று 12.5, 25 அல்லது 50 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து அதன்மேல் விழும். உயரம் கூடக் காயமும் கூடும். பிறகு எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத கரைசலும் கொடுக்கிறார்கள்.

எலி எவ்வளவு தேறியது என்பதை அளக்க 1995இல் ஒஹையோவில் பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹான் மூவரும் ஒரு புள்ளித்திட்டம் தந்தார்கள். 0 என்றால் பின்னங்காலில் எந்த அசைவும் இல்லை. 21 என்றால் சாதாரண நடை. 9ஐ அண்டிய இடத்தில்தான் எலி தன் உடற்பாரத்தைப் பின்னங்காலில் தாங்கத் தொடங்குகிறது. திறந்த தட்டில் எலியை விட்டு இரண்டு பேர் நான்கு நிமிடம் பார்த்துப் புள்ளி போடுவார்கள். எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. பரீட்சை விடைத்தாளில் பெயரை மறைத்துச் சுட்டெண் போடுவதன் நியாயம்தான் இதிலும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுத்தரக் காயம் பட்ட எலி, எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் ஓரளவு தேறும். முண்ணாணின் நார்களில் பத்தில் ஒரு பங்களவு மிஞ்சினாலும் விலங்கு நடக்கக்கூடும். தவிர, காலை மாறி மாறி எடுத்துவைக்கும் தாளத்தை உண்டாக்கும் நரம்புச் சுற்று முண்ணாணின் கீழ்ப் பகுதியிலேயே இருக்கிறது. முண்ணாண் முற்றாக வெட்டப்பட்ட பூனைகளை ஓடும் பட்டியின் மேல் தாங்கிப் பிடித்துப் பழக்கினால் அவை பின்னங்காலால் அடி வைக்கின்றன. ஆகவே எலி நடந்தது என்பதை மட்டும் வைத்து நரம்பு வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மருந்து கொடுத்த எலி எவ்வளவு நடந்தது என்பதைவிட, கொடுக்காத எலியைவிட எவ்வளவு கூடுதலாக நடந்தது என்பதே கேள்வி. நான் பார்த்த வீடியோவில் அந்த மற்ற எலி இல்லவே இல்லை.

நம் வீட்டுச் சரக்குகள்

மூலிகைச் சேர்மங்களில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று நம் அடுக்களையில் இருக்கிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின். எலிகளில் அது அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குவதாகவும், கட்டற்ற மூலிகங்களைத் தணிப்பதாகவும், நடைப் புள்ளியைக் கூட்டுவதாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோல், வெங்காயத்தில் உள்ள குவெர்செற்றின், பச்சைத் தேயிலையின் கற்றெக்கின், ஜின்செங் வேரின் ஜின்செனோசைட்டுகள் என்று பட்டியல் நீளும். நாம் சம்பலும் கஞ்சியும் ஆக்கும் வல்லாரையும் அதில் உண்டு. வல்லாரையின் ஏசியாட்டிகோசைட் என்ற சேர்மம் எலிகளின் முண்ணாண் காயத்தில் அழற்சியைக் குறைத்து நடையை மேம்படுத்தியதாக 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

இவற்றில் பெரும்பாலானவை முதல் வகை வேலையைச் செய்பவை. அதாவது, நிற்கும் சுவரைக் காப்பவை. அதனால்தான் அடி விழுந்து சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ மருந்து தொடங்கப்படுகிறது. சில ஆய்வுகளில் அடி விழுவதற்கு முன்னரே கொடுத்துவிடுகிறார்கள். மரத்தால் விழப்போகிறவருக்கு முதல்நாளே மருந்து கொடுக்க யாரால் முடியும்?

அளவையும் ஒருமுறை கணக்குப் பார்ப்போம். எலிக்கு ஒரு கிலோகிராம் நிறைக்கு 100 மில்லிகிராம் குர்க்குமின் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, வழமையாக 6.2ஆல் வகுப்பார்கள். ஏறத்தாழ 16 மில்லிகிராம் வரும். 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் கிட்டத் தூய குர்க்குமின். மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். எனவே 30 கிராமுக்கு மேல் தூள், பத்துத் தேக்கரண்டி. அதைக் குடித்தாலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேராது. குடலும் ஈரலும் அதை உடனுக்குடன் மாற்றி வெளியேற்றிவிடும். எலிக்குப் பெரும்பாலும் வயிற்றறைக்குள் ஊசியாக ஏற்றுகிறார்கள். மிளகின் பைப்பரின் சேர்ந்தால் இரத்தத்தில் குர்க்குமின் 20 மடங்கு வரை கூடுகிறது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998இல் மனிதரிலேயே காட்டினார்கள். மஞ்சளையும் மிளகையும் சேர்த்துக் கறி ஆக்கிய நம் மூத்தம்மாக்களின் கைப்பழக்கம் நல்லதுதான். ஆனாலும் கறிச்சட்டிக்கும் அந்த ஊசிக்கும் இடையிலான தூரம் பெரிது.

அமுக்கிராவின் கதை

இரண்டாவது வேலையை, அதாவது நார்களை வளர்க்கும் வேலையை நாடிய ஆய்வுகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானின் தொயாமா பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே சிஹிரோ தோதா என்பவரின் குழு எடுத்துக்கொண்ட செடி, நம் சித்த வைத்தியத்தில் அமுக்கிரா, ஆயுர்வேதத்தில் அஸ்வகந்தா, யூனானியில் அஸ்கந்த். நாட்டு மருந்துக் கடையில் அமுக்கிராக் கிழங்கு என்று கேட்டால் தருவார்கள்.

அந்த வேரிலுள்ள விதனோசைட் 4 என்ற சேர்மத்தை, முண்ணாணில் அடிபட்ட சுண்டெலிகளுக்கு 21 நாட்கள் வாய்வழியாகக் கொடுத்தார்கள். பின்னங்கால்களின் இயக்கம் மருந்தில்லாத கூட்டத்தைவிட மேம்பட்டது. காயத்தின் இடத்தில் நரம்பு நார்களின் செறிவும் கூடியிருந்தது. 2007இல் இந்த ஆய்வு வெளிவந்தது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விதனோசைட் உடலுக்குள் போனதும் சோமினோன் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. வேலை செய்வது அதுதான். வேரில் இருப்பது ஒன்று, இரத்தத்தில் ஓடுவது இன்னொன்று.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. சோமினோனின் அமைப்பைத் தழுவி டெனோசோமின் என்ற செயற்கைச் சேர்மத்தை உருவாக்கினார்கள். அது வடுவைக் கட்டுகின்ற நட்சத்திர வடிவக் கலங்களைக் கொண்டே விமென்றின் என்ற புரதத்தைச் சுரக்க வைத்து, நார்கள் வளர வழிசெய்கிறது என்று 2013இல் எழுதினார்கள். வடு என்றால் தடை என்றே பெரும்பாலும் எண்ணப்பட்டது. தடையாக நின்ற கலமே துணையாகவும் மாறலாம் என்று தெரிந்தது. 2019இல், காயம்பட்டு நாட்பட்ட சுண்டெலிகளை எடுத்தார்கள். சிஸ்ரான்சே என்ற பாலைநிலச் செடியிலும் உள்ள அக்டியோசைட் என்ற சேர்மத்தை, மெலிந்துபோன பின்னங்காலின் தசையிலேயே ஏற்றி, தசை தேய்வது குறைந்து இயக்கம் மேம்பட்டதைக் காட்டினார்கள்.

என் மாணவியின் வாப்பாவுக்குக் கிட்ட வருவது இந்தக் கடைசி ஆய்வு மட்டும்தான். நாட்பட்ட காயத்தைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. குறைவாக இருப்பதற்குக் காரணம் அது கடினமானது என்பதே. விலங்கை மாதக்கணக்காகப் பராமரிக்க வேண்டும். முடிவும் பெரும்பாலும் ஏமாற்றும்.

கூட்டு மருந்து

சீனத்தில் தனிச் சேர்மத்தோடு கூட்டு மருந்தையும் எலியில் சோதிக்கிறார்கள். வாங் சிங்ரென் என்ற வைத்தியர் 1830இல் வெளியிட்ட நூலிலுள்ள 'பு-யாங் ஹுவான்-வு' கசாயம் பிரபலமானது. பாரிசவாதத்துக்காக அவர் சொன்னது. அஸ்ட்ரகாலஸ் வேர் நூறு கிராமுக்கு மேல். மற்றைய ஆறு சரக்குகளும் சில சில கிராம்கள். குசும்பாப்பூவும் பீச் பழக் கொட்டையின் பருப்பும் உலர்ந்த மண்புழுவும் அந்த ஆறில் அடங்கும். எலிகளின் முண்ணாண் காயத்திலும் அது பயன் தந்ததாக ஆய்வுகள் உள்ளன. ஆனால் ஏழு சரக்கு, ஒவ்வொன்றிலும் எத்தனையோ சேர்மங்கள். எது வேலை செய்தது? ஒரு தோட்டத்து வேரும் மறு தோட்டத்து வேரும் ஒன்றா? இதனால்தான் கூட்டு மருந்து ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது சிரமம். பெயர் தெரியாத சரக்குப் பொட்டலத்தை வாங்கும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு, மண்புழுவை நினைத்தால், நமக்கு மார்க்க ரீதியான காரணமும் இருக்கிறது.

இப்னு ஸீனா கேட்ட கேள்விகள்

இந்த ஆய்வுகளை வாசிக்க எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய நூல். இப்னு ஸீனா (980–1037) தம்முடைய 'அல்-கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் தனி மருந்துகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன், மருந்தைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகள் வைக்கிறார். அவர் காலத்துச் சூடு-குளிர்ச்சிக் கோட்பாடு இன்றைய மருத்துவத்தோடு ஒட்டாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தியவரை நவீன விஞ்ஞானி ஆக்கிப் பெருமைப்படுவதும் என் நோக்கமில்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விகளில் சில அந்த வீடியோவைப் பார்த்து நாமும் கேட்கவேண்டியவை.

மருந்தைச் சிக்கலான நோயில் அல்லாமல் தனி நோயில் சோதிக்க வேண்டும் என்கிறார். ஆய்வுக்கூட எலிகள் ஒரே இனம், ஒரே வயது, ஒரே நிறை, ஒரே இடத்தில் ஒரே அடி. மரத்தால் விழுந்த மனிதருக்கு விலா எலும்பும் முறிந்திருக்கும். சீனி வருத்தமும் இருக்கும்.

நோயின் பலத்துக்கும் மருந்தின் பலத்துக்கும் பொருத்தம் வேண்டும் என்கிறார். 12.5 மில்லிமீற்றர் உயரத்து அடிக்குப் பலித்த மருந்து தென்னை உயரத்து அடிக்குப் பலிக்குமா என்பது அந்தக் கேள்விதான்.

மருந்தின் விளைவு எப்போது தோன்றுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். தானாகவே தேறும் காலத்தில் வந்த தேற்றத்தை மருந்தின் கணக்கில் எழுதக்கூடாது. மனிதரிலும் முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தானாகச் சில அசைவுகள் திரும்புவதுண்டு. அந்த நேரத்தில் எந்தக் கசாயம் குடித்திருந்தாலும் அந்தக் கசாயத்துக்கே பெயர் போகும்.

ஒருமுறை நடந்தால் போதாது, விளைவு தொடர்ந்தோ பெரும்பாலான தடவையிலோ நிகழ வேண்டும் என்கிறார். அமெரிக்க அரசின் நரம்பியல் நிறுவகம் 2003 தொடக்கம், முண்ணாண் காயத்தில் பலித்ததாகப் புகழ்பெற்ற விலங்கு ஆய்வுகளை வேறு ஆய்வுக்கூடங்களில் அதே முறையில் மீண்டும் செய்ய ஏற்பாடு பண்ணியது. பெரும்பாலானவை இரண்டாம் முறை பலிக்கவில்லை. அவை மூலிகை ஆய்வுகள் என்று இல்லை. நவீன மருந்துகளுக்கும் அதே கதிதான்.

கடைசி நிபந்தனை: சோதனை மனித உடலில் நடக்க வேண்டும். சிங்கத்திலும் குதிரையிலும் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று இல்லை என்று அவரே உதாரணம் சொல்கிறார். இதற்கு நம் காலத்துச் சாட்சி மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்து. விலங்குகளில் நம்பிக்கை தந்தது. 1990இல் அமெரிக்காவில் வெளியான பெரிய மனித ஆய்வொன்று, எட்டு மணித்தியாலத்துக்குள் உயர் அளவில் கொடுத்தால் பயன் உண்டு என்றது. உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் கொடுத்தார்கள். பிறகு பயன் சிறியது, கிருமித்தொற்று போன்ற கேடுகள் பெரியவை என்ற விமர்சனம் வலுத்தது. 2013இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சையாளர்களின் வழிகாட்டி, அதைக் கொடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. இத்தனை சோதனைக்கு உட்பட்ட மருந்துக்கே இந்த நிலை. மூலிகைச் சேர்மங்களில் ஒன்றுகூட இன்னும் முண்ணாண் காயத்துக்கு மனிதரில் நிலைநாட்டப்பட்ட சிகிச்சையாக வரவில்லை.

அப்ப, வாப்பாக்கு?

எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்று நம்புகிற சமூகம் நாம். அந்த நம்பிக்கை தேடச் சொல்கிறது. தேடி முடிந்துவிட்டது என்று சொல்பவனிடம் காசைக் கொடுக்கச் சொல்லவில்லை. தொயாமாவில் நடப்பது தேடல். தொலைபேசி இலக்கம் போட்ட வீடியோ வேறு.

பாரம்பரிய வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் ஊர்களின் முறிவு நெரிவு வைத்தியர்கள் கை, கால் முறிவைப் பொருத்துவதில் கைதேர்ந்தவர்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் ஏற்றுப் பதிவுமுறை வைத்திருக்கிறது. கேட்பதென்றால் பதிவுள்ள வைத்தியரிடம் முகம் பார்த்துக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் குளிசைகளின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். அமுக்கிரா எடுத்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. படுத்த படுக்கையில் இருப்பவருக்கு இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். அதோடு செறிவான குர்க்குமின் குளிசையும் சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடலாம். இயற்கையானது என்பதால் மாத்திரம் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

மரத்தால் ஒருவர் விழுந்தால் முதல் மணித்தியாலம்தான் பெரிய மருந்து. அவரை எழுப்பி உட்கார வைக்கவோ, இழுத்து உருவவோ, மடித்து ஓட்டோவில் ஏற்றவோ வேண்டாம். கழுத்தும் முதுகும் வளையாமல் அப்படியே வைத்துக்கொண்டு 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். பாதி நசுங்கிய முண்ணாணை முழுதாக நசுக்கிவிடுவது பெரும்பாலும் நம்முடைய அவசரமும் அன்பும்தான்.

இந்த ஆய்வுகளை வாசித்தபோது, செய்முறைப் பகுதியில் ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரியான ஒரு வரி வந்துகொண்டிருந்தது. முண்ணாண் அடிபட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் போகாது. ஆகவே ஆய்வாளர் ஒருவர் நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதன் அடிவயிற்றைக் கையால் மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுவார். படுக்கையை மாற்றுவார். புண் வருகிறதா என்று பார்ப்பார். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் இந்தப் பணிவிடை ஒன்றே. அது இல்லாவிட்டால் இரண்டு கூட்டமும் செத்துப்போகும். புள்ளி போட எலியே மிஞ்சாது. மனிதரிலும் அப்படித்தான். முண்ணாண் காயத்தவரின் உயிரைப் பின்னாளில் எடுப்பது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் நெஞ்சுச் சளியும்.

அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன்.

"அப்ப அந்த எலி பொய்யா டீச்சர்?"

"எலி பொய்யில்ல மகள். அது அடிபட்ட அண்டைக்கே மருந்து கிடைச்ச எலி. வாப்பா விழுந்து ரெண்டு வருஷம். வாப்பாவ ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டிப் படுக்க வைக்கிறீங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. இரவில் எல்லோரும் தூங்கிவிடுகிறோம் என்றாள். குதிக்காலில் ஒரு புண் இருக்கிறது, சின்னதுதான் என்றாள். ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருப்பதையும், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழில் செய்யப் பழக்குவார்கள் என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

காப்பு இன்னும் உம்மாவின் கையில் இருக்கிறது. அடுத்த வாரம் காற்று மெத்தை ஒன்று வாங்கினார்கள். இரவு முறை போட்டு, மருமகனும் மூத்த பேரனும் வாப்பாவைப் புரட்டுகிறார்கள். குதிக்காலின் புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று போன வெள்ளிக்கிழமை செய்தி அனுப்பியிருந்தாள். தொயாமாவிலோ வேறெங்கோ ஒருநாள் மனிதருக்கான மருந்து வருமானால், அதை எடுக்க வாப்பா இருக்க வேண்டும். புண்ணில்லாத உடம்போடு இருக்க வேண்டும்.